சீசன் முடிந்த பிறகும் கடை ஓட: ரீல்ஸா, வாட்ஸ்அப்பா, காசு கட்டி விளம்பரமா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் நீலகிரி மலையில் இருக்கிற கோத்தகிரியில் எங்கள் கடைக்கு முன்னால் கார் வந்து நிற்பது குறைந்துவிடும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் எங்கள் வர்க்கி, அதாவது அடுக்கடுக்காக நொறுங்கும் இந்த ஊர் பிஸ்கட், அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு காலியாகும். அதே அடுப்பு, அதே ஆட்கள், அதே வாடகைதான். ஆனால் ஜூலையில் சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தால் தட்டில் பாதி அப்படியே இருக்கும். செப்டம்பரில் இரண்டாம் சீசன் தொடங்கும்வரை இப்படித்தான் ஓட்ட வேண்டும்.

இந்த வருஷம் அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். "மாசம் ஐயாயிரம் ரூபாய் தனியா எடுத்து வைக்கிறேன். இன்ஸ்டாவா, விளம்பரமா, யாரையாவது கூப்பிட்டு வீடியோ எடுக்கச் சொல்லணுமா, நீயே பார்த்துச் சொல்லும்மா" என்றார். கடையின் போன் மூன்று வருஷமாக என் கையில்தான் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வர்க்கி, டீத்தூள், தைலம், சாக்லேட் என்று மலையில் சின்னதாகக் கடை வைத்திருக்கிற யாருக்கும் இதே கேள்வி இருக்கும் என்று தெரியும்.

எது நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், யாருக்காக என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கடைக்கு மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் இன்றைக்கு மலையில் இருக்கிறார். கோடநாடு காட்சிமுனை பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஏதாவது வாங்கலாம் என்று நினைக்கிறார். இன்னொருவர் போன வருஷம் வந்து வாங்கிப் போனவர். இப்போது மதுரையிலோ சென்னையிலோ வீட்டில் இருக்கிறார். மூன்றாமவர் எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ரீல்ஸ் மூன்றாமவருக்கு, கூகுள் மேப் முதலாமவருக்கு, வாட்ஸ்அப் நடுவில் இருப்பவருக்கு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "சோஷியல் மீடியா பண்ணணும்" என்று இறங்கினால் காசு எங்கே போனது என்றே தெரியாது. முதல் வருஷம் நான் அப்படித்தான் இறங்கினேன்.

நடுவில் இருப்பவர்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் இருக்கிறது. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் தினம் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலையின் ரோட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு அளவு இருக்கிறது, அந்த வரம்பு வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கடைக்காரராக இதன் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும்: மேலே ஏறி வருகிற கூட்டம் வருஷா வருஷம் பெருகும் என்று இனிமேல் கணக்குப் போட முடியாது. ஒரு தடவை வந்து நம் கடையில் கால் வைத்தவர் கீழே இறங்கிய பிறகும் நம்மிடம் வாங்கினால்தான் ஜூலையில் அடுப்பு எரியும்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பதைச் சோஷியல் மீடியா என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அதை முடிக்காமல் மற்ற எதையும் தொடாதீர்கள். காசு கிடையாது, ஒரு சாயங்கால வேலை. மலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் அது சரிவின் கீழே இருக்கிற வேறு ரோடாகிவிடும். எங்கள் கடையை மேப் வெகுநாள் கீழ் ரோட்டில் காட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்து வளைவில் வண்டியை நிறுத்திக்கொண்டு போன் செய்வார்கள். நீங்களே உங்கள் கடை வாசலில் நின்று புள்ளியைச் சரிசெய்யுங்கள். சீசனில் எத்தனை மணிவரை, மற்ற மாதங்களில் எத்தனை மணிவரை என்பதை மாற்றி வையுங்கள். கடையின் முகப்பு தெரிகிற மாதிரி பகலில் ஒரு போட்டோ, மாலையில் விளக்கு போட்ட பிறகு ஒரு போட்டோ. ரிவ்யூவுக்கு, திட்டி எழுதியதற்கும் சேர்த்து, பதில் எழுதுங்கள். காசு கொடுத்து ரிவ்யூ வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம். பொய் என்று பார்த்தவுடனே தெரிகிறது.

அடுத்தது ரீல்ஸ். இதைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த பத்து நாளுக்குள், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. அப்போது பதினைந்து விநாடி, 2025 ஜனவரியில் அது மூன்று நிமிஷம்வரை போடலாம் என்றானது. நீளம் கூடியதால் நீளமாகத்தான் போட வேண்டும் என்பதில்லை. எங்களுக்கு நன்றாகப் போனவை எல்லாம் அரை நிமிஷத்துக்குள் முடிகிறவைதான்.

மலையில் இருப்பவர்கள் எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு: மூடுபனி. கதவைத் திறந்தால் பனி, ஜன்னலுக்கு வெளியே தேயிலை, பின்னால் ஒரு பாட்டு. பார்வை நன்றாக வரும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பனி எல்லாக் கடைக்கும் பொது. பார்த்தவர் நீலகிரிக்குப் போக வேண்டும் என்று நினைப்பார், உங்கள் கடையை நினைக்க மாட்டார். முதல் வருஷம் நான் போட்டதெல்லாம் பனி வீடியோதான். ஆர்டர் என்று ஒன்றுகூட அதிலிருந்து வந்ததாக நினைவில்லை.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலை அடுப்பறைக்குள் போய் எடுத்தேன். வெளியே குளிர், உள்ளே விறகு அடுப்பின் வெக்கை. போனை உள்ளே கொண்டுபோனதும் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. பத்து நிமிஷம் அங்கேயே ஒரு ஓரமாக வைத்துவிட்டுத் துணியால் துடைத்த பிறகுதான் தெளிவாக வந்தது. மாவை இழுத்து மடிப்பது, மறுபடி இழுப்பது, தட்டு உள்ளே போவது, செம்பழுப்பாக வெளியே வருவது. கடைசியில் ஒரு வர்க்கியை இரண்டு கையாலும் பிடித்து உடைத்தேன். அந்த நொறுங்கும் சத்தமும், அடுக்கு அடுக்காகப் பிரிந்து உள்ளே தெரிந்த இடைவெளியும்தான் அந்த வீடியோ. பாட்டு எதுவும் போடவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் முதன்முதலாக, முன்பின் தெரியாத ஒருவர், "இது எங்கே கிடைக்கும், அனுப்புவீங்களா?" என்று கேட்டார்.

பாட்டு போடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்கு வைத்திருந்தால் சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை கிடைக்காது. வியாபாரத்துக்குப் பயன்படுத்த உரிமை வேண்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அதற்காக வேறு வழியில் பாட்டைச் சேர்த்துப் போட்டால் இன்ஸ்டாகிராம் வீடியோவின் சத்தத்தை எடுத்துவிடக்கூடும், வீடியோவையே எடுத்துவிடவும் கூடும். நமக்கு அடுப்புச் சத்தம், தகரக் கூரை மேல் மழை, டீ ஆற்றுகிற சத்தம் எல்லாம் இலவசமாகவே இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, ஒரு ரீல் யாருக்கெல்லாம் காட்டப்படும் என்பதைத் தீர்மானிக்கும் பெரிய விஷயங்கள் மூன்று என்று சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். நம்மைப் பின்தொடராத புது ஆட்களிடம் போய்ச் சேர, இந்த மூன்றாவதுதான் கூடுதலாக உதவும். இதை நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்றால், வீடியோ எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதை யார் யாருக்கு அனுப்புவார்கள்? "அடுத்த தடவை போகும்போது இதை வாங்கிட்டு வா" என்று அக்கா தம்பிக்கு அனுப்புகிற மாதிரி இருந்தால் எடுப்பேன். "நம்ம அப்பா வாங்கிட்டு வருவாரே, அதே வர்க்கி" என்று நினைக்க வைத்தால் எடுப்பேன். வெறும் அழகு மட்டும்தான் என்றால் விட்டுவிடுவேன்.

ரீல்ஸின் செலவு காசாக இல்லை, நேரமாக இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு என்று வைத்தால் எடுப்பது, வெட்டுவது, எழுதுவது, கமெண்டுக்குப் பதில் என்று நாலைந்து மணி நேரம் போய்விடுகிறது. சீசனில் அந்த நேரம் யாருக்கும் இருக்காது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் நிறைய எடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறேன். அடுப்புக்கு சீசன் கிடையாது, எப்போது எடுத்தாலும் ஒன்றுதான்.

ரீல்ஸால் முடியாதது ஒன்று உண்டு. இன்றைக்கு ஒரு வீடியோவைப் பார்த்து ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், நாளைக்குப் போடும் வீடியோ அந்த ஆயிரம் பேருக்கும் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. யாருக்குக் காட்டுவது என்பது கம்பெனியின் முடிவு. வாடகை வீட்டில் நட்ட செடி மாதிரி அது.

இன்ஃப்ளூயன்சர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கீழே ஊரிலிருந்து வந்த ஒரு சாப்பாட்டு விளாகருக்குப் பணம் கொடுத்து வீடியோ எடுத்தோம். நல்ல மனிதர், வேலையிலும் குறை சொல்ல முடியாது; வர்க்கியைக் காட்டிய விதம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் லொகேஷனில் "ஊட்டி" என்று போட்டுவிட்டார். ஊட்டி என்று போட்டால்தான் நிறையப் பேர் தேடி வருவார்கள் என்பது அவர் கணக்கு. எங்கள் கடை கோத்தகிரியில் இருக்கிறது, ஊட்டியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அந்த மே மாதம் முழுக்க ஊட்டி சேரிங் கிராஸில் நின்றுகொண்டு, "அண்ணா, கடை எங்க இருக்கு? இங்கதான் சுத்திட்டிருக்கோம்" என்று போன் வந்தபடி இருந்தது. குழந்தைகளை வைத்துக்கொண்டு டிராஃபிக்கில் மாட்டியவர்களிடம் இன்னும் ஒரு மணி நேரம் போக வேண்டும் என்று சொல்வது எவ்வளவு சங்கடம்! பாதிப் பேர் ஊட்டியிலேயே வேறு கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் காசு கொடுத்து இன்னொருவர் கடைக்கு ஆள் அனுப்பியதாகத்தான் ஆயிற்று.

தப்பு எங்கள் பக்கமும் இருந்தது. எதையும் எழுதி வாங்கவில்லை. இப்போது யாராவது என்னிடம் கேட்டால், வாட்ஸ்அப்பிலேயே ஒரு மெசேஜாக இவற்றை எழுதி, "சரி" என்று பதில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள் என்கிறேன்: ஊர்ப் பெயர் சரியாக வர வேண்டும், எங்கள் கணக்கையும் சேர்த்து இரண்டு பேர் பெயரிலும் வருகிற கொலாப் பதிவாகப் போட வேண்டும், எடுத்த வீடியோவை நாங்களும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும், இத்தனை மாதம் நீக்கக் கூடாது, காசு வாங்கிச் செய்தது என்பது வீடியோவிலேயே தெரிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைச் சிலர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 ஜூன் முதலே இதை விதியாக வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் தனியாக வழிகாட்டி வெளியிட்டது. காசு மட்டும்தான் கணக்கு என்றில்லை. இலவசமாகப் பொருள் கொடுத்தாலும், ஹோம்ஸ்டேயில் இலவசமாகத் தங்க வைத்தாலும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. வீடியோ போட்டவருக்கு மட்டுமில்லை, பொருள் நம்முடையது என்றால் நமக்கும் சேர்த்துத்தான்.

இதனால் இன்ஃப்ளூயன்சரே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஹோம்ஸ்டே, கேம்ப் மாதிரி, ஒரு ஆள் வந்து தங்கினாலே செலவு எடுத்துவிடும் தொழிலுக்கு அது சரியாக வரும். நூறு ரூபாய் பாக்கெட் விற்கிற கடைக்கு ஒரு பெரிய கணக்குக்காரரைக் கூப்பிடுவது தாங்காது. பின்தொடர்கிறவர்கள் சில ஆயிரம் பேர்தான் என்றாலும் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் இருந்து அடிக்கடி மலைக்கு வருகிறவராக இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அவர்தான் பொருத்தம். அவரைப் பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் காரில் வந்துவிடுகிற தூரத்தில் இருப்பவர்கள்.

காசு கட்டி விளம்பரம். இன்ஸ்டாகிராமில் பதிவுக்குக் கீழே நீலக் கலரில் பூஸ்ட் பட்டன் எப்போதும் கண்ணைப் பறித்துக்கொண்டே இருக்கும். அதை அழுத்தினால் பொதுவாக லைக்கும் பார்வையும் கூடும், வியாபாரம் கூடும் என்று சொல்ல முடியாது. அதே காசை, இன்ஸ்டா, ஃபேஸ்புக் விளம்பரங்களை நாமே அமைக்கிற ஆட்ஸ் மேனேஜரில் போட்டு, விளம்பரத்தைத் தொட்டதும் நேரே நம் வாட்ஸ்அப்புக்கு வருகிற மாதிரி வைத்தால் பேச்சு தொடங்கிவிடுகிறது. கற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும், அவ்வளவுதான். 18 சதவீத ஜிஎஸ்டியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே காட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தமிழ்நாடு முழுக்க என்று வைத்தால் சின்னத் தொகை உப்புக்கல் கடலில் கரைந்த மாதிரி போய்விடும். நான் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று மூன்று ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். பார்சல் சீக்கிரம் போய்ச் சேரும், வர்க்கி நொறுங்காமல் போகும். எப்போது காட்டுவது? சீசனில் கண்டிப்பாக வேண்டாம், அடுப்பே ஈடு கொடுக்காதபோது ஆள் கூப்பிட்டு என்ன செய்வது. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால், பிறகு டிசம்பரில் பனிக்காலத் தேயிலை வரும்போது. டிசம்பர், ஜனவரியில் இரவு பனி விழுந்து பகல் வெயில் அடிக்கும் நாட்களில் பறிக்கிற இலையில் வரும் டீக்கு மணமே தனி. அதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் உண்மையான விஷயம் இருக்கிறது. சொல்ல விஷயம் இல்லாத மாதத்தில் விளம்பரம் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

விளம்பரம் ஓடும் நாளில் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்க ஆள் வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கேட்டவருக்கு மறுநாள் மதியம் பதில் சொன்னால், அவர் எதைக் கேட்டோம் என்பதையே மறந்திருப்பார். அந்தக் காசும் சேர்ந்து போயிற்று. நான் ஒரு நோட்டில் மூன்றே கட்டம் போட்டிருக்கிறேன்: எவ்வளவு செலவு, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் பணம் போட்டார்கள். லைக் எத்தனை என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

விளம்பர வாசகத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. கிரீன் டீ குடித்தால் சுகர் குணமாகும், தைலம் தேய்த்தால் அந்த நோய் போகும் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். சர்க்கரை நோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. சாப்பிடும் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும்; வீடியோவில் பாக்கெட்டைக் காட்டும்போது அதுவும் தெரிந்தால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்த முத்திரையைப் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் போஸ்டரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

இப்போது வாட்ஸ்அப். என் ஓட்டு இதற்குத்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியிலிருந்து இருக்கிறது, இலவசம். பொருளும் விலையும் போட்டு வைக்கும் கேட்டலாக், யார் புது ஆள், யார் பணம் கட்டியவர் என்று பிரிக்கும் லேபிள், அடிக்கடி கேட்கும் கேள்விக்குத் தயாராக வைக்கும் பதில், கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் மெசேஜ், ஸ்கேன் செய்தால் நேரே நம்மிடம் வரும் கியூஆர் கோடு, எல்லாம் அதிலேயே உண்டு. புதுசு எதுவும் இல்லாததால்தான் யாரும் இதைப் பற்றி உற்சாகமாகப் பேசுவதில்லை. ஆனால் மதுரையில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்காமல் போகலாம், வாட்ஸ்அப் கண்டிப்பாக இருக்கும்.

எங்களுக்கு ஆர்டர் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். கொஞ்சம் வயதானவர்கள் டைப் செய்வதில்லை. வாய்ஸ் மெசேஜ் வரும்: "தங்கச்சி, போன தடவை வாங்கிட்டு வந்த டீத்தூள் தீர்ந்துபோச்சு, அதே மாதிரி ரெண்டு அனுப்பும்மா." எந்தத் தடவை, எந்தத் தூள் என்று தெரியாது. இன்னும் சிலர் காலி பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள், கீழே ஒரு எழுத்தும் இருக்காது. அந்தப் படம்தான் ஆர்டர். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் பாக்கெட்டையே மாற்றினோம். முன்பு மலைப் படம் பெரிதாகவும் தூளின் பெயர் சின்னதாகவும் இருந்தது. இப்போது தூளின் பெயரும் எடையும் பெரிய எழுத்தில், படம் மங்கலாக எடுத்தாலும் படிக்கிற மாதிரி. பின்பக்கம் கியூஆர் கோடு, அதற்குக் கீழே "தீர்ந்ததும் இதைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று ஒரு வரி. நான் செய்த வேலைகளில் இதைவிடப் பலன் கொடுத்தது வேறில்லை. இதற்கு ஆன செலவு அச்சுக்கூலி மட்டும்தான்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும். நாம் அவர் நம்பரை வைத்திருந்தால் போதாது. அதனால் கல்லாவில் நின்று பில் போடும்போதே, "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, டீத்தூள் தீர்ந்தா வீட்டுக்கே அனுப்புறோம்" என்று அண்ணன் சொல்வார். சிலர் அங்கேயே சேமித்து ஒரு ஹாய் போடுவார்கள். நம்பர் எதற்கு என்று சொல்லி, சம்மதித்தவரை மட்டும் பட்டியலில் சேர்ப்பது எங்கள் வழக்கம். மாதத்துக்கு இரண்டு மெசேஜ், அதற்கு மேல் இல்லை. குட்மார்னிங் படம் அனுப்பவே கூடாது. எரிச்சலில் நாலு பேர் பிளாக் செய்தால் நம்பருக்கே ஆபத்து.

அந்த இரண்டு மெசேஜில் என்ன எழுதுவது என்பதற்கு நான் நிறைய மெனக்கெடுகிறேன். "10% தள்ளுபடி" என்று போட்டதற்கு வந்ததைவிட, "இன்னிக்குக் காலையில் கோத்தகிரியில் நல்ல பனி. புதுத் தூள் வந்திருக்கு, போன வாரத்து இலை. வேணும்ங்கறவங்க சொல்லுங்க" என்று எழுதியதற்குப் பதில் அதிகம். தள்ளுபடி எல்லா ஊரிலும் கிடைக்கும், பனிச் செய்தி நாம்தான் சொல்ல முடியும். ரீலில் வீணான அதே பனி இங்கே வேலை செய்கிறது, ஏனென்றால் படிக்கிறவர் அந்தப் பனிக்குள் எங்கள் கடை வாசலில் நின்று டீ குடித்தவர்.

வாட்ஸ்அப் சேனலும் ஒரு வழி. 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் சேர்ந்தவரின் நம்பர் நமக்குத் தெரியாது, அவர் அதிலேயே பதில் எழுதவும் முடியாது. பெரிய பிராண்டுக்கு அது சரி. இருநூறு முந்நூறு வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கடைக்கு பிராட்காஸ்ட்தான் சரி.

வாட்ஸ்அப்பின் குறை என்ன? புது ஆளைக் கொண்டுவராது. ஏற்கெனவே தெரிந்தவர் வட்டத்துக்குள்ளேயே சுற்றும். அதனால்தான் ரீல்ஸை முழுக்க விடச் சொல்லவில்லை. இன்னொன்று, ஆர்டர் வந்த பிறகு உள்ள வேலை. வர்க்கியை அட்டைப்பெட்டியில் அடுக்கி, இடுக்கில் தாளைச் சுருட்டி அடைத்து, ஆட்டிப் பார்த்துச் சத்தம் வராவிட்டால்தான் ஒட்டுவேன். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் எல்லாம் தாளும் அட்டையும்தான். சென்னைக் காற்றில் திறந்து வைத்தால் நமத்துப்போகும் என்று உள்ளே ஒரு சீட்டு வைக்கிறோம். சாக்லேட்டை ஏப்ரல், மே, ஜூனில் கீழே அனுப்புவதே இல்லை. மேட்டுப்பாளையம் போவதற்குள் இளகிவிடும். முதல் வருஷம் அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். முன்பணம் இல்லாமல் பார்சல் கிளம்புவதில்லை என்பதும் அப்போது போட்ட விதிதான்.

யூடியூப், ஃபேஸ்புக் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரீலுக்கு எடுத்த அதே வீடியோவை ஷார்ட்ஸிலும் போடுங்கள், கூடுதல் வேலை இல்லை. நீள வீடியோவுக்கு உழைப்பு அதிகம். தேயிலை பறிப்பதிலிருந்து கோப்பைவரை சொல்லத் தெரிந்தவர், பேசப் பிடித்தவர் வீட்டில் இருந்தால் தொடங்கலாம், வருஷக் கணக்கில் தேடி வந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா நன்றாகப் பேசுவார், கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவார். ஃபேஸ்புக்கில் பக்கம் ஒன்று இருக்கட்டும், விளம்பரம் கொடுக்க அது தேவை. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம் என்று கீழே ஊரிலிருந்து வருகிற ஏஜென்சிகளுக்கு இந்தத் தொகை போதாது. குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் பண்டிகை வாழ்த்துப் படம்தான் போடுவார்கள்.

அண்ணனிடம் நான் சொன்ன பிரிவு இதுதான். ஐயாயிரத்தை மாதாமாதம் செலவழிக்க வேண்டாம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பாக்கெட் அச்சுக்கும் அட்டைப்பெட்டிக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சேர்த்து வைக்கலாம். சேர்ந்த பணத்தைத் தீபாவளிக்கு முன்னாலும் டிசம்பரிலும் மூன்று ஊர் விளம்பரத்தில் மொத்தமாகப் போடலாம். வாரம் ஒரு ரீல் நான் எடுப்பேன், கடையில் வேலை செய்கிற தம்பி வெட்டிக் கொடுப்பான். இன்ஃப்ளூயன்சருக்கு இந்த வருஷம் காசு இல்லை. வாட்ஸ்அப் தினமும், காலை ஒன்பது மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும், யாராவது ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

தொழில் வேறாக இருந்தால் இந்த வரிசையும் மாறும். ஹோம்ஸ்டே வைத்திருப்பவருக்கு மேப்பும் ரீல்ஸும் முதலில், வாட்ஸ்அப் பிறகு. ஒரு தடவை தங்கியவர் அடுத்த மாதமே மறுபடி வர மாட்டார். நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூத்தையல் மாதிரி கைவேலை விற்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புவதால் பயனில்லை. ஒரு சால்வைக்கு எத்தனை நாள் ஆகிறது, நூலை எண்ணித் தைப்பது எப்படி என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அந்த விலை புரியும். அவர்களுக்கு இன்ஸ்டாகிராம்தான் கடை. கொடைக்கானல் பக்கம் மலைப்பூண்டு விற்கிற ஒரு நண்பர் விளம்பரமே கொடுக்காமல், பழைய வாடிக்கையாளர் பட்டியலை வைத்தே அறுவடையை முடித்துவிடுகிறார். தீர்ந்தால் மறுபடி வாங்குகிற பொருள் எதுவானாலும் எங்கள் வரிசை பொருந்தும்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "வாட்ஸ்அப்பும் அந்த இன்ஸ்டா கம்பெனியோடதுதானே? அது ஒரு நாள் நின்னுட்டா?" நியாயமான கேள்வி. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. அதனால் நம்பர்கள் போனில் மட்டும் இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பெயர், ஊர், நம்பர், என்ன தூள். வாடிக்கையாளர்களே எழுதிவிட்டுப் போகிறார்கள், சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து நான் அதைப் போனில் ஏற்றுகிறேன்.